ஆங்கிலச் சந்தேகங்கள்: ‘ஏ’யா, ‘இ’யா?

எங்கள் தெருவில் நோட்டு, பேனா விற்கிற கடைப் பலகையில் ‘ஸ்டேஷனரி’ என்பதற்குக் கடைசி ‘ஆர்’ எழுத்துக்கு முன்னால் ‘ஏ’ போட்டிருக்கிறார்கள். தவறுதானே?
– வாசகி, கும்பகோணம்

தவறுதான். ‘ஏ’ போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள். சிக்னலில் நிற்கிற பஸ்ஸுக்குச் சரி, கடைக்கு ‘இ’தான் வேண்டும். ஆனால் கடைக்காரரை ரொம்பக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. அந்தக் கால ஐரோப்பாவில் சுமந்து திரிந்து விற்றவர்களுக்கு நடுவே, ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ‘ஸ்டேஷனர்’ என்றார்கள். லண்டனில் இவர்களுக்கு 1403-லேயே சங்கம் இருந்தது. 1557-இல் அரச சாசனமும் வாங்கிவிட்டார்கள். ‘ஸ்டேஷனர்’ என்பதில் இருக்கிற ‘இ’தான் அவர் விற்கிற சரக்குக்கும் வந்தது.

கல்யாணப் பத்திரிகையில் ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்’ என்று போடுகிறோமே, நடுவில் ‘ஐ’யா, ‘இ’யா? இரண்டும் சரி என்கிறார் அச்சகத்துக்காரர்.
– வாசகர், விருதுநகர்

‘ஐ’. வாழ்த்து, பாராட்டு, இனாமாகத் தருவது எல்லாமே ‘ஐ’ கணக்கு. ‘இ’ போட்டால், ஒன்றோடு சேர்ந்து அதை நிறைவாக்குவது. இட்லிக்குச் சட்னி மாதிரி. நான் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன். மாப்பிள்ளையின் டிகிரியைக் குடும்பமே கூடிச் சரிபார்க்கும், இந்த வரியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ‘தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும்’ என்று தமிழில் போட்டால் தொல்லையே இல்லை.

‘லூஸ்’ என்பதற்கு எப்போது ஒரு ‘ஓ’, எப்போது இரண்டு?
– கல்லூரி மாணவர், திருச்சி

தொலைப்பதற்கும் தோற்பதற்கும் ஒன்று. தொளதொள சட்டைக்கு இரண்டு. நாம் ஒருவரை ‘லூஸு’ என்று திட்டுகிறோமே, அதற்கும் இரண்டு.

‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று மெயில் எழுதினால், லண்டன் வாடிக்கையாளர் ‘எதற்குத் திரும்ப வேண்டும்?’ என்கிறார்.
– வாசகி, சென்னை

அவர் கேட்பது நியாயம். அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பொருள். பதில் எழுதுவது என்பது நம் பக்கத்து ஆபீஸ் வழக்கு. அவருக்கு ‘ரிப்ளை’ என்றே எழுதுங்கள். அதற்காக ‘ப்ரீபோன்’ சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக இவ்வளவு கச்சிதமான ஒற்றைச் சொல் லண்டன்காரரிடம் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.