வயசான முயலுக்கு மூச்சிரைப்பு: அமாக்சிசிலின் சிரப் வேண்டாம்

அதை ஊற்றிவிடாதீர்கள் அண்ணாச்சி. பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கிற அமாக்சிசிலின் சிரப்பை ஏழு வயது முயலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்வழியாகப் போனால் அது குடலில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கெடுத்து, கழிச்சல் கண்டு, சளிக்கு முன்னால் அதுவே ஆளை முடித்துவிடும்.

தும்மல், வெள்ளைச் சளி, கர்கர் சத்தம் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாஸ்டுரெல்லா கிருமியாக இருக்கலாம். கூண்டில் போட்டிருக்கிற மரத்தூளும் மூத்திர நெடியும் அதைக் கிளப்பிவிடும். இன்றைக்கே தூளை அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்த புல்லோ பழைய துணியோ விரியுங்கள்.

அப்புறம் முன்கால்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே முடி சடைபிடித்து ஒட்டிக்கிடக்கும். முயல் தூங்கினாற்போல் கிடக்கும்போது 15 விநாடிக்கு விலா எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 30 முதல் 60 வரை சரி. நம்ம ஊர் வெயிலில் மத்தியானம் எண்ணினால் கூடத்தான் வரும், விடியற்காலையில் எண்ணுங்கள்.

வயசான முயலுக்குப் பல்லின் வேர் வளர்ந்து மூக்கை அடைப்பதும் உண்டு, அதை எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. வாயைத் திறந்து இரைத்தாலோ, அரை நாளாக எதையும் கடிக்காவிட்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.