தவறு மற்றவருடையது, எக்ஸஸ் பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது?

கேள்வி: ஐயா, நான் இலண்டன் ஹரோவில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்னர், சிவப்பு விளக்கில் நிறுத்தியிருந்த என் காரின் பின்புறத்தில் வேறொரு கார் வந்து மோதியது. அந்தச் சாரதி தவறு தன்னுடையதே என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். என் காப்புறுதி நிறுவனம் காரைத் திருத்திக் கொடுத்தது. ஆனால் காரை எடுக்கும்போது 450 பவுண் எக்ஸஸ் என்னிடமிருந்து அறவிடப்பட்டது. அந்தப் பணத்தைக் கேட்டால், "அதை நீங்களே மறுதரப்பிடம் பெற்றுக்கொள்ள வேண்டும்" என்கிறார்கள். அடுத்த மாதம் காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸும் குறைந்திருக்கிறது. தவறே செய்யாத நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் மனவருத்தம் நியாயமானது. அந்தப் பணத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். ஆனால் நீங்கள் எழுத்தில் கேட்காமல் அது தானாக வந்து சேராது. பலர் இந்த இடத்தில்தான் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

எக்ஸஸ் என்பது, எந்த விபத்தானாலும் இழப்பின் முதற்பகுதியை நானே ஏற்கிறேன் என்று உங்கள் நிறுவனத்துடன் நீங்கள் செய்துகொண்ட உடன்பாடு. நிறுவனம் கட்டாயமாக விதிக்கும் ஒரு தொகையும், பிரீமியத்தைக் குறைப்பதற்காக நீங்களே விரும்பி ஏற்றுக்கொண்ட ஒரு தொகையும் சேர்ந்தே அது உருவாகிறது. யார் பிழை என்ற கேள்விக்கு அந்த உடன்பாட்டில் இடமில்லாததால், உங்கள் நிறுவனம் அதை அறவிட்டது சட்டப்படி சரியே. அவர்கள் கராஜுக்குச் செலுத்திய தொகையை மறுதரப்பிடம் மீட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நீங்கள் கட்டிய 450 பவுண் காப்புறுதி ஈடுசெய்யாத இழப்பு என்பதால், அதை மீட்கும் உரிமை உங்களுடையது. சில நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்கித் தருகின்றன. உங்களுடைய நிறுவனம் அப்படிச் செய்வதில்லை என்று தெரிகிறது.

முதலில் உங்கள் காப்புறுதி ஆவணங்களை எடுத்து, சட்டச் செலவுக் காப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் பகுதி இது. வாங்கியதையே மறந்தவர்கள் அதிகம். அது இருந்தால், எக்ஸஸ், டாக்சிச் செலவு போன்ற இழப்புகளை மீட்பதற்கு ஒரு சட்டத்தரணியை அவர்களே ஒழுங்குசெய்வார்கள். வங்கிக் கணக்குடன் இணைந்த காப்புறுதிகளிலும் வீட்டுக் காப்புறுதியிலும் சட்ட உதவி இருக்கக்கூடும். ஆனால் வாகன விபத்தை அவை விலக்கியிருக்கின்றனவா என்பதை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காப்பு இல்லாவிட்டால் நீங்களே கடிதம் எழுதலாம். கடினமான வேலை அல்ல. மறுதரப்பின் காப்புறுதி நிறுவனம் எது என்பதை உங்கள் நிறுவனம் இதற்குள் அறிந்திருக்கும். அந்த நிறுவனத்தின் பெயரையும் அங்குள்ள கோப்பு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், வாகனப் பதிவு இலக்கத்தைக் கொண்டு, மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தின் (MIB) இணையத் தேடல் சேவையில் சிறு கட்டணம் செலுத்தி அறிந்துகொள்ளலாம். கடிதத்தில் விபத்தின் நாள், நேரம், இடம், இரு வாகனங்களின் இலக்கங்கள், மோதல் நடந்த விதம், நீங்கள் கேட்கும் தொகை ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு, எக்ஸஸ் கட்டிய பற்றுச்சீட்டையும் படங்களையும் இணையுங்கள். கார் கராஜில் இருந்த நாட்களில் டாக்சிக்குச் செலவழித்த பணமும் மீட்கத் தக்கதே. பற்றுச்சீட்டுகள் இருந்தால் அதையும் இப்போதே சேருங்கள், ஏனெனில் பின்னர் தனியாகக் கேட்பது கடினம். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நீதிமன்றத்தை நாடுவேன் என்று முடித்து, ஒரு பிரதியை அந்தச் சாரதிக்கும் அனுப்புங்கள். நின்றிருந்த காரின் பின்னால் மோதிய வழக்கில் பொறுப்பை மறுப்பது அவர்களுக்கு எளிதல்ல. நிறுவனங்கள் பல இந்தக் கடிதத்தோடேயே பணத்தை அனுப்பிவிடுகின்றன.

இதற்கிடையில் ஒரு விடயத்தில் மிகுந்த கவனமாக இருங்கள். உங்கள் காப்புறுதி ஒப்பந்தம், கோரிக்கையைத் தான் விரும்பியபடி தீர்த்துக்கொள்ளும் உரிமையைப் பெரும்பாலும் நிறுவனத்துக்கே கொடுத்திருக்கும். வழக்காடும் செலவைத் தவிர்ப்பதற்காக இரு நிறுவனங்களும் பொறுப்பை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டால், உங்கள் எக்ஸஸிலும் பாதிக்கு மேல் கிடைப்பது அரிதாகிவிடும், போனஸும் பாதிக்கப்படும். ஆகவே, நீங்கள் நின்றிருந்த வாகனத்தில் இருந்தீர்கள், மறுதரப்பு அங்கேயே ஒப்புக்கொண்டது, உங்களுக்கு அறிவிக்காமல் பொறுப்பைப் பங்கிட நீங்கள் உடன்படவில்லை என்பதை இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னது நாளை உதவாது.

கடிதம் பயன் தராவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையான தொகைகளுக்குச் சிறு கோரிக்கை வழி (small claims) என்ற எளிய நீதிமன்ற நடைமுறை உண்டு. இணையத்திலேயே தொடங்கலாம், சட்டத்தரணி தேவையில்லை. கட்டணம் தொகையைப் பொறுத்தது: 300 முதல் 500 பவுண் வரை 50 பவுண், அதற்கு மேல் 1,000 வரை 70 பவுண். உங்கள் 450 உடன் டாக்சிச் செலவு 38 பவுண் என்று வைத்துக்கொண்டால் 488 ஆகிறது. இதற்கு ஆண்டுக்கு 8 வீத வட்டியும் கேட்கலாம். ஐந்து மாதத்தில் அது ஏறத்தாழ 16 பவுண் சேர்ந்து 500ஐத் தாண்டுவதால் கட்டணம் 70 ஆகும். வென்றால் கட்டணத்தையும் மறுதரப்பே ஏற்க வேண்டியிருக்கும். வழக்கை அந்தச் சாரதிக்கு எதிராகத் தொடுத்து, தொடுப்பதற்கு முன்னரே அவருடைய காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

ஆனால் உங்கள் நிறுவனத்துக்குச் சொல்லாமல் வழக்குத் தொடுத்துவிடாதீர்கள். ஒரே விபத்தில் ஏற்பட்ட கார்ச் சேதத்துக்காக இரண்டு முறை வழக்காட முடியாது. 1984இல் பக்லண்ட் எதிர் பாமர் என்ற வழக்கில், வாகன உரிமையாளர் எக்ஸஸுக்காக மட்டும் வழக்குத் தொடுத்துப் பணத்தைப் பெற்று முடித்துக்கொண்டார். அதன் பின் திருத்தச் செலவுக்காக அவருடைய பெயரில் காப்புறுதி நிறுவனம் தொடுத்த வழக்கை மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. அவ்வாறு உங்கள் நிறுவனத்தின் உரிமையை நீங்கள் அறியாமல் அழித்துவிட்டால், அவர்கள் உங்களிடம் இழப்பைக் கேட்கும் நிலை வரலாம். இதன் மறுபக்கமும் உண்டு: அவர்கள் முதலில் வழக்குத் தொடுத்தால் உங்கள் 450 பவுணும் அதில் சேர்க்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். சொத்துச் சேதத்துக்கு இங்கிலாந்தில் 6 ஆண்டு கால எல்லை உண்டு என்பதால் பதற வேண்டியதில்லை.

உங்கள் நிறுவனம் பதில் தராமல் இழுத்தடித்தாலோ, காரணமின்றிப் பொறுப்பைப் பங்கிட்டாலோ, முறைப்பாடு என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். 8 வாரங்களில் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், நிதிக் குறைகேள் அதிகாரியிடம் (Financial Ombudsman) கட்டணமின்றிச் செல்லலாம்; இறுதிப் பதில் கிடைத்த பின் அதற்கு 6 மாத அவகாசம் உண்டு. மறுதரப்பின் நிறுவனத்துக்கு நீங்கள் வாடிக்கையாளர் அல்லர் என்பதால், அதன் மீதான முறைப்பாட்டை அந்த அலுவலகம் ஏற்காது.

இனி நோ கிளெய்ம் போனஸ். உங்கள் நிறுவனம் தான் செலவழித்ததை முழுமையாக மீட்கும் வரை, பிழை யாருடையதாக இருந்தாலும் கோப்பு திறந்தே இருக்கும். அதனால்தான் போனஸ் குறைத்துக் காட்டப்படுகிறது. புதுப்பிக்கும் முன் அழைத்து, மீட்பு எந்த நிலையில் உள்ளது என்று கேளுங்கள். அடுத்த மாதம் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் விபத்தை மறைக்காதீர்கள். தவறு உங்களுடையது அல்ல, கோரிக்கை இன்னும் தீரவில்லை என்று உள்ளபடி சொல்லுங்கள். பணம் முழுதும் மீட்கப்பட்டதும், போனஸை முன்பிருந்தபடி உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பழைய நிறுவனத்திடம் வாங்கிப் புதிய நிறுவனத்துக்கு அனுப்பி, பிரீமியத்தை மீளக் கணக்கிட்டு நீங்கள் கூடுதலாகக் கட்டிய வித்தியாசத்தைத் திருப்பித் தருமாறு கேளுங்கள்.