பழைய கொலை மர்ம நாவல்களில் பாழ் மாளிகை, பனிமூட்டம், குடும்பச் சாபம் எல்லாம் எதற்கு? வெறும் அலங்காரமா?

அலங்காரம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவது போல, கொலை நடக்கிற வீடு என்றால் ஓர் ஆந்தையும் நாலு மெழுகுவத்தியும் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது என்று. ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறிகிற, கானன் டாயிலின் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ நாவலை இரண்டாம் தடவை படித்தபோதுதான் அந்த எண்ணம் போயிற்று. (அதைப் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். முடிச்சை அவிழ்த்துவிடப் போகிறேன்.)

முதல் தடவை படித்தது பள்ளி நாட்களில், சுருக்கிய தமிழ்ப் பதிப்பில். அன்றிரவு கொல்லைப்பக்கம் போகத் தம்பியைத் துணைக்கு எழுப்பினேன். நாய் மட்டும்தான் மனதில் நின்றது. இருபது வருடம் கழித்து முழுப் புத்தகத்தையும் கையில் பென்சிலோடு படித்தேன். மொத்தம் 15 அத்தியாயம். அந்த நாய் நம் கண்ணில் படுவது 14-ஆவதில்! அதுவரை நம்மை நடுங்க வைத்தது பாஸ்கர்வில் குடும்பத்தைப் பேய் நாய் ஒன்று துரத்துகிறது என்று சொல்லும், 1742 என்று தேதியிட்ட ஒரு பழைய ஏடு, மாளிகைக்காரர் சர் சார்ல்ஸின் பிணத்துக்குக் கொஞ்ச தூரத்தில் கிடந்த நாயின் பாதத் தடங்கள், ராத்திரியில் எங்கிருந்தோ வரும் ஊளை, இவ்வளவுதான்.

சரி, அந்த நடுக்கத்தால் ஆசிரியருக்கு என்ன லாபம்? என் பதில் இது: பயந்துபோனவன் எண்ணிப் பார்க்க மாட்டான். துப்பை ஒளித்து வைக்கப் பயத்தைவிட நல்ல இடம் கிடையாது.

பூட்ஸ் விஷயத்தைப் பாருங்கள். செத்தவரின் சொத்துக்கு வாரிசான சர் ஹென்றி லண்டனில் ஓட்டலில் தங்கியிருக்கிறார். முந்தின நாள் வாங்கிய, இன்னும் காலில் போடாத பழுப்பு பூட்ஸில் ஒன்று காணாமல் போகிறது. அப்புறம் பழைய கறுப்பு பூட்ஸில் ஒன்று போகிறது. புதுசு மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. மனிதர் ஓட்டல்காரர்களைப் பிடித்துக் கத்துகிறார், நாம் சிரிக்கிறோம். ஆனால் மொத்தக் கதையும் அங்கேயே முடிந்துவிட்டது. போடாத பூட்ஸில் மனித வாடை இருக்காது. திருடியவனுக்கு வாடையடித்த பூட்ஸ் வேண்டும். வாடை பேய்க்கு எதற்கு? நாய்க்குத்தான் வேண்டும். ஆகவே இது நிஜ நாய், அதை ஏவுகிற ஆள் லண்டனுக்கே வந்திருக்கிறான். இவ்வளவையும் டாயில் வெட்டவெளிச்சத்தில் நம் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த அத்தியாயத்திலேயே நம்மை பாஸ்கர்வில் மாளிகை இருக்கிற டார்ட்மூர் பொட்டல்வெளிக்கு ரயிலேற்றிவிடுகிறார். பாறைக் குன்றுகள், புதைசேறு, தப்பி ஓடிய கைதி, நள்ளிரவில் ஒரு பெண்ணின் விசும்பல். இத்தனைக்கும் நடுவே பூட்ஸை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? நான் மறந்தேபோனேன். கடைசியில் அது புதைசேற்றிலிருந்து வெளிவருகிறது.

அந்த விசும்பலுக்கும், ஜன்னலில் மெழுகுவத்தியைக் காட்டும் பேய்க்கதை போன்ற காட்சிக்கும் காரணம் மிகச் சாதாரணமானது. வேலைக்காரர் பாரிமோரின் மனைவிக்கு அந்தக் கைதி தம்பி. அவனுக்குச் சோறு கொடுத்தனுப்பத்தான் அந்தச் சைகை. அதிலும் ஒரு கொக்கி உண்டு. அவனுக்கு சர் ஹென்றியின் பழைய துணிகளையும் கொடுத்துவிடுகிறார்கள், நாய் அந்த வாடையைப் பிடித்துத் துரத்துகிறது, ஆள் பாறையிலிருந்து விழுந்து சாகிறான். துணியும் பூட்ஸும் ஒரே நூலில் கட்டப்பட்டவை.

இந்த வித்தை டாயில் கண்டுபிடித்ததில்லை. இங்கிலாந்தில் 1764-இல் ஹோரஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’யோடு, பாழ் மாளிகையும் திகிலுமாக வரும் ‘கோதிக்’ நாவல் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதில் வானத்திலிருந்து விழுந்தது போல ஒரு ராட்சதத் தலைக்கவசம் மாப்பிள்ளையை நசுக்கிவிடும், காரணம் கேட்கக் கூடாது. முப்பது வருடம் கழித்து ஆன் ராட்கிளிஃப் வேறு வழி பிடித்தார். அவருடைய 1794 நாவலில் நாயகி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பதை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குச் சொல்லாமல் இழுத்தடித்து, கடைசியில் அது மெழுகு பொம்மை என்கிறார். பேய் மாதிரி காட்டு, பிறகு நியாயமான காரணம் சொல். இதில் துப்பறிகிறவர் ஒருவரைச் சேர்த்தால் மர்ம நாவல் தயார். 1839-இல் இடிந்துவிழும் ஒரு மாளிகையைப் பற்றி எழுதிய எட்கர் ஆலன் போ என்ற எழுத்தாளர்தான் 1841-இல் பூட்டிய அறைக் கொலைக்கு முதல் துப்பறிவாளரையும் கொண்டுவந்தார் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

டாயிலிடம் எனக்கு மிகவும் பிடித்த சூழ்ச்சி வேறொன்று. ஹோம்ஸை அவர் கதையிலிருந்தே எடுத்துவிடுகிறார். ஆறாம் அத்தியாயத்தில் அவருடைய நண்பர் வாட்சன் ஹோம்ஸ் இல்லாமல் டார்ட்மூர் போகிறார், 11-ஆவது முடியும் இடத்தில்தான் ஹோம்ஸ் எதிரே வருகிறார். இடைப்பட்ட பக்கங்களில் நம்மிடம் இருப்பதெல்லாம் வாட்சன் சொல்கிற கதையும் அவருடைய கடிதங்களும் நாட்குறிப்பும். அறிவு ஊருக்குப் போய்விட்டது, நல்ல மனசு மட்டும் காவலுக்கு இருக்கிறது. அதோடு விட்டாரா? நிலா வெளிச்சத்தில் ஒரு குன்றின் உச்சியில் மெலிந்து உயர்ந்த ஒரு கறுப்பு உருவம் நிற்கிறது. அதைப் பார்த்து நாமும் வாட்சனோடு சேர்ந்து பயப்படுகிறோம். அது ஹோம்ஸ்! பேயை விரட்ட வேண்டியவரையே கொஞ்ச நேரம் பேயாக நிறுத்தி வைத்திருக்கிறார். இதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இருட்டு துப்பை மட்டும் மறைப்பதில்லை, கதையின் ஓட்டையையும் மறைக்கும். இத்தனை நாள் பக்கத்திலேயே வேறு பெயரில் வாழ்ந்த, நாயை ஏவிய அந்த ஸ்டேபிள்டன், சர் ஹென்றி செத்த பிறகு ‘நான்தான் வாரிசு’ என்று எப்படி வந்து நின்றிருப்பான்? சந்தேகம் வராதா? கடைசி அத்தியாயத்தில் வாட்சனே இதைக் கேட்கிறார். நீ ரொம்பக் கேட்கிறாய் என்கிற தோரணையில் முனகிவிட்டு, ஹோம்ஸ் இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்று சொல்லிச் சமாளிக்கிறார். பாஸ்பரஸ் பூசிய நாய் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பாய்வதைப் பார்த்து அப்போதுதான் மூச்சு விட்டிருக்கிறோம், அதனால் நாமும் விட்டுவிடுகிறோம்.

பின்னால் வந்தவர்களுக்கு இந்தச் சாமான்கள் அலுத்துப்போயின. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதியபோது, பேய் பிசாசு கூடாது என்றார், ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்றார். அந்த ஒன்றை ஏன் விட்டு வைத்தார் பாருங்கள். பாதிரியாருக்கும் ஆசை விடவில்லை!

அப்புறம் அகதா கிறிஸ்டி. அவர் பிறந்ததே டார்ட்மூர் இருக்கிற டெவன் மாவட்டத்தில். பாஸ்கர்வில் மாளிகையை முதன்முதலில் பார்த்ததும் சர் ஹென்றி என்ன சொல்கிறார் தெரியுமா? ஆறே மாதத்தில் இங்கே வரிசையாக மின்விளக்கு போட்டுவிடுவேன், அப்புறம் இடமே அடையாளம் தெரியாது என்கிறார். 1939-இல் கிறிஸ்டி அந்த விளக்கைப் போட்டுக் காட்டினார். பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில் வீடு புத்தம் புதுசு. இருட்டு மூலை கிடையாது, எங்கும் மின்வெளிச்சம், ஒளிவதற்கு இடமே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார்.

ஆனால் விளக்கெரிய ஓர் இயந்திரம் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரர் கொலையான பிறகு யாரும் அதை ஓட்டவில்லை, மெழுகுவத்தி மேசைக்கு வந்துவிடுகிறது. வீரா என்ற பெண் மாடியில் தன் அறைக்குள் நுழைகிறாள். காற்றில் சுடர் அணைகிறது. ஈரமாகச் சில்லென்று ஏதோ ஒன்று அவள் கழுத்தைத் தொடுகிறது. அலறுகிறாள். கீழே இருந்தவர்கள் விழுந்தடித்து மேலே ஓடுகிறார்கள். கழுத்தைத் தொட்டது கூரைக் கொக்கியில் யாரோ தொங்கவிட்ட கடற்பாசி.

எல்லோரும் அந்தக் கடற்பாசியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழே கூடத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.