கதவைப் பூட்ட அறை இல்லாவிட்டால்: தனி ஜெபம் பற்றிய கேள்விகள்

ஸ்தோத்திரம். தனி ஜெபத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நான் போதகர் இல்லை. பெரம்பூரில் முப்பது வருடமாகப் பெண்கள் ஜெபக் கூட்டம் நடத்துகிறவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணச் சொல்கிறது மத்தேயு 6:6. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். எந்தக் கதவைப் பூட்டுவது? (புளியந்தோப்பு)

இயேசு அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா ஜனங்களில் பலருக்கும் தனி அறை இருந்திருக்காதும்மா. அங்கே வரும் கிரேக்க வார்த்தைக்கு, சாமான் வைக்கும் உள்ளறை என்றும் பொருள் உண்டு. முந்தின வசனத்தையும் சேர்த்து வாசி. மனுஷர் பார்க்கும்படி வீதி முனையில் நின்று ஜெபிப்பவர்களைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் அறைக்கு வருகிறார். யார் பார்க்க வேண்டும் என்று ஜெபிக்கிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. அவரே இருட்டோடு எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது.

என் அம்மா வீட்டில் நாங்கள் எட்டுப் பேர். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், நாலரை மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்து முகம் மறைய விட்டுக்கொள்வார். உள்ளே முணுமுணுப்பு மட்டும் கேட்கும். பசித்தாலும் அப்போது நாங்கள் கூப்பிட மாட்டோம். அவருக்கு அதுதான் கதவு. உனக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருக்கலாம், மாடிப்படியாகவும் இருக்கலாம். இடத்தையும் நேரத்தையும் வீட்டில் சொல்லி வை. பத்து நாளில் அவர்களே பழகிவிடுவார்கள்.

ஆன்ட்டி, ஆறரைக்கு ஆபீஸ் கேப் வந்துவிடும். திரும்பி வந்தால் தூக்கம்தான். எப்போது ஜெபிப்பது? (மேடவாக்கம்)

கேபிலேயே ஜெபி தம்பி. ராஜா கேள்வி கேட்டு நிற்கிறார், பதில் சொல்வதற்கு முன்னாலேயே அவருடைய பானபாத்திரக்காரனான நெகேமியா ஜெபித்துவிடுகிறார் (நெகேமியா 2:4). எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒரு மூச்சு நேரம். துரைப்பாக்கம் சிக்னலில் உனக்கு அதைவிட அதிகம் கிடைக்கும். கூடவே தினம் ஒரு சங்கீதம் வாசி. மொத்தம் 150, ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். 119ஆம் சங்கீதத்தை மட்டும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதே. 176 வசனம் அது. எட்டெட்டு வசனமாக 22 பகுதி இருக்கிறது, அப்படியே பிரித்துக்கொள்.

அச்சடித்த ஜெபத்தை வாசித்தால் அது ஜெபமே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். சரியா? (வேப்பேரி)

சரி இல்லை. சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கடைசி நேரத்தில் அவர் வாயில் வந்தது சிறு வயதிலிருந்து மனப்பாடமான வார்த்தை. உன் வேப்பேரியில் இருந்து ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ், 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் கொண்டுவந்தார். லுத்தரன் சபைகளில் இன்றைக்கும் அவற்றைப் பாடி அழுகிறவர்கள் இருக்கிறார்கள். மனது வேறெங்கோ இருக்க உதடு மட்டும் அசைவதுதான் தப்பு. அது சொந்த வார்த்தையில் ஜெபித்தாலும் நடக்கும்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். உபவாசம் இருக்கலாமா? (அயனாவரம்)

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஏசாயா 58ஐ வாசியுங்கள். பசியுள்ளவனுக்கு உங்கள் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதையே கர்த்தர் உபவாசம் என்கிறார். அதற்கு மாத்திரை தடை இல்லை.

அம்மா, மார்ச்சில் என் மகனைப் பறிகொடுத்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. பாவமா? (அம்பத்தூர்)

பாவம் இல்லை. அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதம் 13 தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் எடுத்துப் போடவில்லை.

என் வீட்டுக்காரர் ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் கூட்டமே முழங்காலில் நின்றது. அவர் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ மாதம் என் ஜெபம் "ஏன்?" என்கிற ஒரே வார்த்தைதான். மற்றவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவள், நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். கூட்டத்துப் பெண்கள் சாயந்தரம் வந்து, என்னை எதுவும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களே ஜெபித்துவிட்டுப் போவார்கள். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வந்த மாதிரி என்னைச் சுமந்தார்கள். வார்த்தை வராத நேரத்தில் ஆவியானவர் பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறதே, அதை நான் அந்த நாற்காலியில்தான் புரிந்துகொண்டேன்.

இப்போது நீங்கள் எதையும் முயற்சி செய்ய வேண்டாம். இரண்டு பேரைக் கூப்பிட்டு, உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது ஆரம்பித்தால், பிறகு பேசலாம் என்று அனுப்பிவிடுங்கள். மகனின் பெயரை எனக்கு எழுதுங்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் உங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம்.

பரங்கிமலை தோமா கோவில் மாதிரி இடத்துக்குப் போனால் கர்த்தர் சீக்கிரம் கேட்பாரா? (ஆலந்தூர்)

எந்த இடத்தில் தொழுவது என்று கிணற்றடியில் இயேசுவிடம் சமாரியப் பெண் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான், யோவான் 4ஐப் பாருங்கள். அவருக்கு எல்லா இடமும் ஒன்று. ஆனால் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த மலை பிடிக்கும். வெயில் ஏறுவதற்கு முன் படியேறிப் போங்கள். மேலே உட்கார்ந்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவது தெரியும்.