படிகளைக் கழுவுங்கள், கூரையை விட்டுவிடுங்கள்: மலையக வீடுகளில் பிரஷர் வாஷர்

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் வேலை செய்யும் அவருடைய மகன் விடுமுறையில் வந்தபோது, நீரை மிகுந்த அழுத்தத்தில் பாய்ச்சிக் கழுவும் 130 பார் மின்சார பிரஷர் வாஷர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீதியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் 22 சீமெந்துப் படிகளிலும் பாசி பிடித்துவிட்டது. மாமியார் ஒரு தடவை வழுக்கி விழுந்தும் விட்டார். அந்தப் படிகளையும், கறுத்துப்போன அஸ்பெஸ்டஸ் கூரையையும், வீட்டின் பின்னால் மண்மேட்டைத் தாங்கி நிற்கும் கல் அணைச்சுவரையும் இந்த இயந்திரத்தால் கழுவலாமா, ஊற்றிலிருந்து தாங்கிக்கு வரும் தண்ணீர் இதற்குப் போதுமா என்று கேட்கிறார்.

படிகளைத் தாராளமாகக் கழுவலாம். சுவரை ஓரளவுக்குக் கழுவலாம். கூரையின் மீது இந்த இயந்திரத்தை எந்தக் காரணம் கொண்டும் திருப்ப வேண்டாம். முதலில் கூரையைப் பற்றியே சொல்கிறேன், ஏனெனில் நம் பகுதிகளில் நான் மிகவும் அஞ்சுவது அந்த வேலையைத்தான்.

அஸ்பெஸ்டஸ் தகடு என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்களைச் சீமெந்தோடு சேர்த்து இறுக்கிச் செய்யப்பட்டது. பல வருட மழையும் வெயிலும் பட்ட தகட்டின் மேற்பரப்பில் அந்தச் சீமெந்து கரைந்து, நார்கள் தளர்ந்து நிற்கும். அதன் மேல் பலத்த வேகத்தில் நீரைப் பாய்ச்சினால், பாசியோடு நார்களும் பெயர்ந்து சுவரிலும் முற்றத்திலும் மரக்கறிப் பாத்தியிலும் படிந்து, ஈரம் காய்ந்ததும் தூசியாகக் காற்றில் எழும். மூச்சோடு உள்ளே போகும் அந்த நார்கள் நுரையீரல் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களை இருபது, முப்பது வருடங்கள் கழித்தும் உண்டாக்கக்கூடியவை. வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சாதாரணத் துணி முகக்கவசம் இந்த நார்களைத் தடுக்காது. பழைய தகடு ஆளின் பாரத்தைத் தாங்காமல் திடீரென உடையும் என்பதால் மேலே ஏறுவதே தனி ஆபத்து. கூரை கறுத்திருப்பதால் அது ஒழுகும் என்று அர்த்தமில்லை. நிறத்துக்காக இவ்வளவு பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம். கூரை நீர் வடியும் பீலி அடைத்திருந்தால், உறுதியான ஏணியில் நின்று, பாசியை ஈரமாக இருக்கும்போதே கையுறையோடு அள்ளி எடுத்தால் போதும். துருப்பிடித்த தகரக் கூரைக்கும் இந்த இயந்திரம் ஆகாது. எஞ்சியிருக்கும் பூச்சும் போய்விடும்.

அடுத்து தண்ணீர். வீட்டுப் பாவனைக்கான இயந்திரங்கள் பெரும்பாலும் மணிக்கு 350 முதல் 500 லீட்டர் வரை எடுப்பவை. குழாயை முழுதாகத் திறந்து 10 லீட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் தண்ணீர் போதும். அதற்கு மேல் நேரமெடுத்தால் பம்ப் காற்றை உறிஞ்சி, அதிர்ந்து, சீக்கிரமே பழுதாகும். அப்படியானால், உறிஞ்சும் வசதி உள்ள இயந்திரம்தானா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு, ஒரு பீப்பாயை இயந்திரத்தைவிட உயரமான இடத்தில் வைத்து நிரப்பி, அதிலிருந்து எடுக்கலாம். ஊற்று நீரில் நுண்மணலும் இலைத்துகளும் வரும்; மழைக்குப் பிறகு இன்னும் அதிகம். ஆகவே நீர் நுழையும் இடத்தில் வடிகட்டி இல்லாமல் ஒரு நாளும் இயக்க வேண்டாம். குழாயைத் திறந்து, நீர் பாய்ச்சும் கைப்பிடியிலுள்ள விசையை அழுத்திப் பிடித்து, காற்று முழுவதும் வெளியேறி நீர் சீராக வந்த பிறகே மின்சாரத்தைப் போடுங்கள்.

மின்சாரத்தில் ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வீட்டில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் சரியான ஏர்த் இணைப்பும் இருக்க வேண்டும். தோட்டங்களின் வரிசை வீடுகளான பழைய லயன் காம்பராக்களில் இவை இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அங்கே இயக்குவதற்கு முன் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில், வெளிப்புறப் பாவனைக்கானதாக வாங்கி, சுருளை முழுவதும் பிரித்து, பிளக் சேரும் இடம் ஈரத்தில் கிடக்காதபடி உயர்த்தி வையுங்கள். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். அந்த நேரங்களில் வேலையை நிறுத்திவிடுங்கள்.

இனிப் படிகள். தலவாக்கலை, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குவதால், தண்ணீர் போதுமானதாக இருந்தால் அதற்கு முந்திய வாரங்களே நல்ல காலம். தடித்த பாசியை முதலில் தட்டைக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். நீர் வெளியேறும் முனைகளில் சிவப்பு நிறமானது, நீரை ஊசிபோல் ஒரே புள்ளியில் பாய்ச்சும். அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, 25 பாகை பச்சை முனையையோ 40 பாகை வெள்ளை முனையையோ மாட்டுங்கள். நிறங்கள் இல்லாத, திருகி மாற்றும் முனையானால் அகன்ற விசிறி வடிவத்துக்குத் திருகுங்கள். இரண்டடி தூரத்தில் தொடங்கி, தேவையானால் ஓரடி வரை நெருங்கலாம். சாந்தில் மணல் பரல்கள் தெரியத் தொடங்கினால் உடனே விலகுங்கள். சொரசொரப்பாகிவிட்ட சீமெந்தில்தான் அடுத்த பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். எப்போதும் மேல் படியிலிருந்து தொடங்குங்கள். சுத்தமான படியில் நின்று அதற்குக் கீழுள்ள படியைக் கழுவினால், இயந்திரத்தின் உதைப்பு உங்களை மேட்டுப் பக்கமாகவே தள்ளும். பாசியில் கால் வைக்கவும் நேராது. கழுவிய பின் ப்ளீச்சிங் பவுடர் கரைசலைத் தும்புத்தடியால் பூசி, கால் மணி நேரம் விட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் அலசினால் பாசி திரும்ப வர நாளெடுக்கும். அந்தக் கரைசலை இயந்திரத்துக்குள் ஊற்றாதீர்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்தால் நச்சு வாயு எழும். கீழே ஓடையோ குடிநீர் ஊற்றோ இருந்தால் கரைசலையே தவிர்த்து, தும்புத்தடியால் தேய்ப்பதோடு நில்லுங்கள்.

130 பார் என்பது கார் டயரிலுள்ள அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 60 மடங்கு. அது தோலைத் துளைத்து, நீரையும் அழுக்கையும் சதைக்குள் செலுத்தும். வெளியே சிறு கீறல்போலத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம்; ஆனால் உள்ளே திசு அழுகி விரலையே இழக்க நேரலாம். அப்படி நடந்தால் மருந்து தடவி மறுநாள் வரை காத்திருக்காமல், உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போய், உயர் அழுத்த நீர் பட்டது என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கம்பூட்ஸும் கண்ணாடியும் அணியாமல் தொடங்காதீர்கள். பிள்ளைகளை உள்ளே இருத்துங்கள். எலி நடமாடும் கானை இந்த இயந்திரத்தால் அடிக்கவும் வேண்டாம். தெறிக்கும் நீர் கண்ணிலோ காயத்திலோ பட்டால் எலிக்காய்ச்சல் தொற்றலாம்.

அணைச்சுவரின் கல் முகத்தை மென்மையாகக் கழுவலாம், கல்லுக்கு இடையிலுள்ள சாந்தை அடிக்கக் கூடாது. நீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் கம்பியால் மெதுவாகக் குத்தி எடுங்கள். சுவருக்குப் பின்னால் நீர் தேங்குவதே அதைச் சரிக்கும் முதற்காரணம். இரண்டு மணி நேர வேலைக்கு 1,000 லீட்டர் வரை தண்ணீர் ஓடும், அது மண்மேட்டில் இறங்காமல் சீமெந்துக் கானுக்குப் போகும்படி முன்கூட்டியே வழி செய்யுங்கள். சுவரில் புதிய வெடிப்போ வீக்கமோ சாய்வோ தெரிந்தால் கழுவும் எண்ணத்தையே விட்டு, கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, குழாயை மூடி, விசையை அழுத்தி எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஹோஸைக் கழற்றுங்கள். நுவரெலியா பக்கம் தை, மாசி மாத விடியற்காலைகளில் உறைபனி விழும் இடங்களில் இருப்பவர்கள், பம்பிலுள்ள நீரை முழுவதும் வடித்து, இயந்திரத்தை வீட்டுக்குள் எடுத்து வைப்பது அவசியம். உள்ளே தங்கிய நீர் உறைந்தால் பம்பின் உடலே வெடித்துவிடும்.