எண்ணிக்கை சரி, மொத்தம் மட்டும் ஏன் தப்பு?

வாசகர் ஒருவரின் கேள்வி: ஓகேமல் என்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழியில் சர்வர் லாக்கைப் (சர்வரின் பதிவு ஃபைலை) படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறேன். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டால் எண் சரியாக வருகிறது. ஆனால் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. டேபிளில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சேர்க்கும் 'ஃபோல்ட்' போட்டுக் கூட்டினால் மொத்தம் தாறுமாறு. சொல் கண்ணில் பட்டதும் பழைய எண்ணை எடுத்து, ஒன்று கூட்டி, 'ஆட்' செய்கிறேன். ஃபங்ஷனல் மொழியில் மியூட்டபிள் ஹேஷ்டேபிளை, அதாவது கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தரும், இருந்த இடத்திலேயே மாற்றக்கூடிய அட்டவணையைத் தொட்டதுதான் தவறா?

இல்லை. கோளாறு அந்த 'ஆட்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

மற்ற மொழிகளில் பழகிய கைக்கு, டேபிளில் இருக்கும் கீயை (இங்கே சொல்லை) மறுபடி போட்டால் பழையது அழிந்துவிடும். ஓகேமலின் 'ஆட்' அழிக்காது. பழையதை மறைத்து, அதன் மேல் புதியதை அடுக்கும். 'எரர்' என்ற சொல் மூன்று முறை வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். டேபிளில் 3, அதன் அடியில் 2, அதன் அடியில் 1. 'ஃபைண்ட்' மேலே இருக்கும் 3-ஐத் தருவதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. 'லெங்த்' கேட்டால், ஒரே சொல்லுக்கு 3 என்று சொல்லும். 'ஃபோல்ட்' மூன்றையும் தொட்டு 6 என்று கூட்டும். 'ரிமூவ்' செய்து பாருங்கள்: சொல் போகாது, அடியில் இருந்த 2 தலைகாட்டும்.

இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. கம்பைலர் எழுதும்போது உள் ஸ்கோப்பில் (ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லைக்குள்) அதே பெயரில் இன்னொரு மாறி வரும். வெளியேறும்போது 'ரிமூவ்' செய்தால் பழையது தானாகத் திரும்பிவிடும். அந்த வேலைக்கு இது அருமையான வசதி. எண்ணும் வேலைக்கு ஆகாது.

'ஆட்' இருந்த இடத்தில் 'ரீப்ளேஸ்' போடுங்கள், தீர்ந்தது. அதைவிட எனக்குப் பிடித்த வழி, எண்ணுக்குப் பதில் 'ரெஃப்' ஒன்றை, அதாவது உள்ளே இருக்கும் மதிப்பை மாற்றக்கூடிய பெட்டியை, வேல்யூவாக வைப்பது. முதல் முறை மட்டும் டேபிளில் சேர்க்கிறீர்கள். பிறகு 'ஃபைண்ட்_ஆப்ட்' தேடிக் கொடுத்த ரெஃப்பை 'இன்க்ர்' செய்தால் (ஒன்று கூட்டினால்) போதும், ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் இடத்தைக் காட்டும் ஹேஷ் எண்ணை இரண்டு முறை கணக்கிட வேண்டியதில்லை. திருத்திய பிறகு 'லெங்த்' தனிச்சொற்களின் எண்ணிக்கையையும், கூட்டல் மொத்தச் சொற்களையும் காட்ட வேண்டும். இரண்டையும் சின்ன ஃபைலில் கையால் எண்ணிச் சரிபாருங்கள்.

இனி உங்கள் மனதை உறுத்தும் கேள்வி: மியூட்டபிள் டேபிளைத் தொடலாமா? ஒரு ஃபங்ஷனுக்குள் டேபிளை உருவாக்கி, நிரப்பி, முடிவை வரிசைப்படுத்திய லிஸ்டாக வெளியே கொடுத்தால், வெளியில் இருப்பவருக்கு அது சுத்தமான ஃபங்ஷன்தான். நான் கறாராக இருப்பது ஒரே இடத்தில்: அந்த டேபிளை மாட்யூலின் தலையில் குளோபலாக வைத்து, பத்து இடத்தில் இருந்து மாற்றாதீர்கள். ஓகேமல் 5-இல் பல டொமைன்கள் (இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் ஓடலாம். ஹேஷ்டேபிளுக்குத் தானாகப் பூட்டு கிடையாது, மியூடெக்ஸ் என்ற பூட்டை நீங்கள்தான் போட வேண்டும்.

பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய தேடல் என்றால், மாற்றும்போது புதிய பிரதியைத் தரும் 'மேப்' எடுங்கள். பத்து லட்சம் கீ இருந்தாலும் ஒரு தேடலுக்குச் சுமார் 20 ஒப்பீடுகள்தான். பழைய மேப் அப்படியே கையில் இருக்கும். லாக் எண்ணுவதற்கு அது தேவையில்லை.

டேபிள் முழுவதையும் சுற்றிவரும் 'இட்டர்' ஓடும்போதே டேபிளில் சேர்ப்பதும் நீக்குவதும் வேண்டாம், விளைவுக்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் களையெடுக்க 'ஃபில்டர்_மேப்_இன்பிளேஸ்' இருக்கிறது.

நாளை சொல்லுக்குப் பதில் நீளமான லிஸ்டைக் கீயாக வைக்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. இயல்பான ஹேஷ் ஃபங்ஷன் 10 மதிப்புகளை மட்டுமே பார்த்து நின்றுவிடும். முதல் 10 எண்கள் ஒன்றாக இருக்கும் லிஸ்ட்கள் எல்லாம் டேபிளின் ஒரே பக்கெட்டில் (அறையில்) குவியும், தேடல் ஊர்ந்துபோகும். அப்போது 'ஹேஷ்டேபிள்.மேக்' வழியாக உங்கள் சொந்த ஹேஷைக் கொடுங்கள்.