முதுகு தேய்க்கச் சொன்னது யார்?

கேள்வி: படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க, ஸ்பிரிட்டும் பவுடரும் இட்டு முதுகைத் தேய்க்கச் சொல்கிறார் எங்கள் நோயாளர் விடுதியின் மூத்த சிஸ்டர். புத்தகம் தேய்க்காதே என்கிறது. யூடியூப்பில் ஒருவர் மூலிகை எண்ணெய் பூசச் சொல்கிறார். எதை நம்புவது?
– மூன்றாம் ஆண்டு தாதிய மாணவி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, அந்த சிஸ்டரைக் கோபிக்காதீர். அவருக்கு அப்படிப் படிப்பித்தவளே நானாக இருக்கக்கூடும். 1980களில் காலையும் மாலையும் முதுகு தேய்ப்பது எங்கள் கடமை. பவுடர் மணக்காத விடுதிக்குள் மேட்ரன் வந்தால் ஏச்சுத்தான். போர்க்காலத்தில் புதுப் புத்தகங்கள் கைக்கு எட்டவில்லை. நான் வைத்துப் படிப்பித்த புத்தகத்தில் முதல் தாள்களே இல்லை. எந்த ஆண்டு அச்சானது, யார் எழுதியது என்று நானும் கேட்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

அழுத்தம் பட்ட இடத்தின் அடியில் நுண்குருதிக் குழாய்கள் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். தேய்த்தால் இன்னும் சிதையலாம். படுக்கைப்புண்ணைத் தடுப்பதற்கென்று தோலைத் தேய்க்க வேண்டாம் என்று 2014இல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் நிறுவனம் வழிகாட்டியது. அடுத்த ஆண்டு, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வாளர்கள், தேய்ப்பது படுக்கைப்புண்ணைத் தடுக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டு, தங்கள் அளவுகோலுக்குள் அடங்கும் சோதனை ஒன்றுகூட அகப்படவில்லை என்று எழுதினார்கள். எனக்கு அவர்களிடம் நம்பிக்கை பிறந்தது அந்த வரியில்தான். எங்கே தேடினோம், எதை விலக்கினோம், எது கிடைக்கவில்லை என்று கணக்குக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்? சான்று இல்லையென்றால் தேய்க்கலாம்தானே என்று உம்முடைய வகுப்பில் ஒருவர் கேட்பார். பயன் தெரியாத, தீங்கு செய்யக்கூடிய ஒன்றை நோயாளியின் முதுகில் ஏன் பரீட்சிக்க வேண்டும்?

யூடியூப்காரரைக் கடைசிவரை பாரும். நான் பார்த்தவற்றில் முடிவில் ஓர் எண்ணெய்ப் போத்தலும் தொலைபேசி இலக்கமும் வந்தன.

புத்தகத்தையும் அப்படியே விழுங்காதீர். வெள்ளைத் தோலில் எடுத்த படங்களைப் போட்டு, சிவப்பைத் தேடு என்று சொல்லும் புத்தகங்கள் உண்டு. நம்மவர் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் கைதான் கண்டுபிடிக்கும். அந்தக் கை உங்கள் சிஸ்டருக்கு இருக்கும். அதை அவரிடம் கேட்டுப் பழகும். தேய்ப்பதற்குச் செலவிடும் அந்த நேரத்தில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க அவரையே துணைக்கு அழையும், மறுக்கமாட்டார்.

கேள்வி: பப்மெட்டில் இருக்கும் கட்டுரை என்றால் நம்பலாம்தானே?
– தாதிய உத்தியோகத்தர், சாவகச்சேரி

பதில்: பப்மெட் என்பது இணையத்தில் உள்ள, மருத்துவக் கட்டுரைகளின் ஒரு பட்டியல். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பட்டியலில் பெயர் இருப்பதால் ஒரு நூல் சொல்வதெல்லாம் மெய்யாகிவிடுமா? சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான தடுப்பூசியை ஓட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரையும் அங்கே இருக்கிறது, 2010இல் மீளப்பெறப்பட்டது என்ற அறிவித்தலோடு. தலைப்பை மட்டும் பிரதியெடுத்து ஒப்படையில் ஒட்டுகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை.